வெற்றிலைக்குப் பின்னால் இருக்கும் ஆள்

பிள்ளைகளே, நம் நடுவீட்டுச் சுவரில் தொங்கும் படத்தின் வலப்பக்கக் கீழ்மூலையில் எப்போதும் ஒரு வெற்றிலை செருகியிருக்கிறது. ஏன் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். நீங்களும் கேட்டீர்கள். “அது அப்படித்தான்” என்று சொல்லிச் சொல்லி நான் தப்பி வந்தேன். இப்போது உங்களில் மூத்தவள் எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள். ஆகவே எழுதியே வைத்துவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழை கண்டால் உம்மாவிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள், அவ எட்டு வரை படித்தவ.

முதலில் அந்தப் படம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்ல வேண்டும்.

கல்லோயா ஆற்றுக்கு அணை கட்டிய காலத்தில் கல்முனையிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் ஓடாவிமார் பலர் அந்தப் பக்கம் வேலைக்குப் போனோம். வெளிநாட்டு எஞ்சினியர்மாருக்குக் கதவு, ஜன்னல், அலுமாரி எல்லாம் மரத்தில் செய்துகொடுப்பது எங்கள் வேலை. அவர்களில் ஒரு துரை டென்மார்க்கிலிருந்து வந்தவர். அது எங்கே இருக்கிறது என்று உங்கள் பூமிசாத்திரப் புத்தகத்தில் பாருங்கள், மேலே, குளிர்ப் பக்கம் இருக்கும். அவர் வேலை முடிந்து ஊருக்குத் திரும்பும்போது, சாமான் கட்டுவதற்குப் பலகைப் பெட்டி அடிக்க என்னைக் கூப்பிட்டார்கள்.

பங்களாவின் பின்பக்கத்து நடைவழியில் அந்தப் படம் தொங்கியது. நான் கழற்றியபோது சட்டம் என் கையிலேயே மாவாக உதிர்ந்தது. உள்ளே முழுவதும் கறையான். துரையின் மனைவி, நோனா என்போம், வந்து பார்த்தா, தலையை ஆட்டினா, துரையிடம் ஏதோ சொன்னா. பிறகு படத்தை என்னிடமே நீட்டினா. துரையின் ஜீப் ஓட்டுபவர் சொறிக்கல்முனைக்காரர், எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று அவர்தான் பேச்சை மாற்றிச் சொல்லுவார்.

“ஒன்ன வெச்சுக்கொள்ளட்டாம். பெட்டி நல்லா அடிச்சிருக்கியாம்.”

“ஆர் இதக் கீறினது எண்டு கேளுங்க.”

அவர் கேட்டார். “அவங்கட நாட்டு ஆளாம். ஆனா கீறினது அவங்கட நாட்ட இல்லையாம். இத்தாலி எண்ட ஊர்ர வயல் பக்கமாம்.”

“தன்ட ஊர் இரிக்கக்குள்ள அங்க என்னத்துக்குப் போனவர்?”

அதையும் கேட்டார். நோனா சிரித்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னா. ஜீப்காரர் அதைச் சுருக்கி, “அங்க வெயில் நல்லமாம்” என்றார்.

வெயிலுக்காக ஒருவர் ஊர் விட்டு ஊர் போவார் என்பதை நம்ப எனக்கு ஒரு கிழமை எடுத்தது.

படம் இரண்டு சாண் அகலம், ஒன்றரைச் சாண் உயரம். பாதிப் படம் வானம்தான். கீழே மஞ்சளாகக் காய்ந்த பெரிய வெளி, நடுவில் புழுதி படிந்த ஒரு வெள்ளைப் பாதை. தூரத்தில் நீல மலைகள். வெளியின் குறுக்கே வரிசையாகக் கல் வளைவுகள், பாலம் போல, ஆனால் இடையிடையே இடிந்து. வலப்பக்கம் குடை விரித்தது போல ஒரு மரம், அதன் அடியில் நிழல், நிழலில் ஒரு கல். எண்ணெய்ச் சாயத்தில் கீறியது என்பதால் விரலால் தடவினால் மேடும் பள்ளமும் தெரியும். கிட்டப் போனால் வெறும் சாயப் பூச்சு. ஆறடி தள்ளி நின்றால் வெளி, வெயில், தூரம். காய்ந்த புல்லில் இந்தப் பக்கம் காற்றுப் படுகிறது, அந்தப் பக்கம் படவில்லை என்பது வரைக்கும் தெரியும். நான் அதுவரை கலண்டர்ப் படம் மட்டும் பார்த்தவன். அன்று அந்த நடைவழியில் ஆணியும் சுத்தியலும் கையில் இருக்க எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

ஊருக்கு வந்து முதிரை மரத்தில் புதுச் சட்டம் அடித்தேன். அவசரத்தில் ஒரு பிழை விட்டேன். மரம் சரியாகக் காயவில்லை. ஒரு மாதத்தில் அது சுருங்கி, வலப்பக்கக் கீழ்மூலையில் சட்டத்துக்கும் படத்துக்கும் நடுவே நகம் போகும் அளவு இடைவெளி விட்டுவிட்டது. ஓடாவிக்கு இது மானக்கேடு. யாரும் கவனிக்காமல் இருக்க வேண்டும் என்று இருந்தேன். இந்த இடைவெளியை மறந்துவிடாதீர்கள்.

அடுத்த வருசம் எனக்குக் கலியாணம். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போய் இருப்பார். நான் கல்முனைக்குடியில் உங்கள் உம்மாவின் வீட்டுக்கு வந்தேன். அவவின் வாப்பாவும் உம்மாவும், அதாவது என் மாமாவும் மாமியும், அதே வளவில்தான் இருந்தார்கள். அந்த வீட்டில் கதிரை அவர்களுடையது, கட்டில் அவர்களுடையது, கிணற்று வாளி கூட அவர்களுடையது. நான் கொண்டுவந்தவை மூன்று: உடுப்புப் பெட்டி, ஆயுதப் பெட்டி, இந்தப் படம். உடுப்பு அறைக்குள் போனது. ஆயுதப் பெட்டி பின் விறாந்தைக்குப் போனது. படத்துக்கு மட்டும்தான் நடுவீட்டில் இடம் கேட்க முடிந்தது.

மாமி அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தா. உயிருள்ளதின் படம் தொங்கும் வீட்டுக்குள் மலக்குமார், வானவர்கள், வரமாட்டார்கள் என்பதில் மாமி கண்டிப்பு. தீப்பெட்டியில் சிங்கத்தின் படம் இருந்தால் அதைக் குசினிக்கு வெளியேதான் வைப்பா.

“மருமகன், இதுக்குள்ள உசிருள்ளது ஒண்டும் இல்லையே?”

“இல்ல மாமி. மரம், மலை, வானம். அவ்வளவுதான்.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“ஒரு காகம்கூட இல்ல மாமி.”

அப்படித்தான் சொன்னேன். அதுதான் அந்த வீட்டில் நான் பொறுப்பெடுத்துச் சொன்ன முதல் வார்த்தை. மாமி தலையை ஆட்டினா. வடக்குச் சுவரில் நானே ஆணி அடித்து மாட்டினேன்.

மாமாவுக்குச் சம்மாந்துறைப் பக்கம் வயல். அவர் அந்தப் படத்தை ஒரு படமாகப் பார்த்ததே இல்லை. ஒரு வட்டையாக, வயல்வெளியாகப் பார்த்தார். முதல் நாளே சாய்கதிரையை அதற்கு முன்னால் இழுத்துப் போட்டு, தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்துவிட்டார்.

“வரம்பு எங்க மருமகன்?”

“அங்க வரம்பு கட்டுறல்ல போல மாமா.”

“வரம்பு இல்லாமத் தண்ணி எப்பிடி நிக்கும்? சரி, அது கிடக்கட்டும். இந்த இடிஞ்ச பாலம் என்ன?”

நோனா அதையும் சொல்லியிருந்தா. “பாலமில்ல மாமா. பழைய காலத்துத் தண்ணி வாய்க்காலாம். அந்த வளைவுகளுக்கு மேலால தண்ணி போனதாம்.”

மாமா கோப்பையைக் கீழே வைத்தார். “மேலாலயா?”

“ஓம் மாமா.”

“மேலால வாய்க்கால் கட்டத் தெரிஞ்சவனுகளுக்கு உடைஞ்ச இடத்தக் கட்டத் தெரியல்லையா? கெடக்கிற காணியப் பாருங்க. எங்கட ஆக்கள் பத்துப் பேர விட்டா ஒரு போகத்தில சரியாக்கிப் போடுவானுகள்.”

அன்றிலிருந்து அது மாமாவின் வழக்காகிவிட்டது. சம்மாந்துறையில் நெல்லுக் குத்தும் ஆலையடியில் கூடுகிறவர்களிடம் போய் இதைத்தான் கதைப்பார். அவர்களும் வண்டியிலும் சைக்கிளிலும் பார்க்க வருவார்கள். வந்தவர்கள் படத்துக்கு முன்னால் நின்று, அந்த மஞ்சள் அறுக்கப் பதமா, அறுத்து முடிந்த ஒட்டா என்று சண்டை பிடிப்பார்கள். “வெயிலுக்காகவா அந்த மனிசன் போனவன்? இஞ்ச வந்திரிக்கலாமே, இருக்கிற வெயில் முழுக்கக் கீறியிரிக்கலாம்” என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். யாராவது மாமியின் பக்கம் பார்த்து, “உசிருள்ளது இல்லையே?” என்று கேட்டால் மாமா முந்திக்கொள்ளுவார். “ஒரு காகம்கூட இல்ல. எங்கட மருமகன் பாத்துத்தான் சொன்னவர்.”

அதைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு நிமிரும். பெண்வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளைக்கு வேறு என்ன வேண்டும்?

மாரி கழிந்து தை பிறந்தது. மழை விட்ட ஒரு காலையில் நான் நடுவீட்டுத் தென்கிழக்கு ஜன்னலின் பிணைச்சலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கதவை முழுக்க விரித்துத் திறந்தபோது, அந்த மாதத்தில் தெற்கே சாய்ந்து எழும்பும் வெயில் நேரே போய்ப் படத்தில் விழுந்தது. பக்கவாட்டு வெளிச்சத்தில் சாயத்தின் மேடெல்லாம் எழும்பி நின்றது. புல் எழும்பியது. மரத்தின் பட்டை எழும்பியது. மரத்தடி நிழலில் இருந்த கல்லைப் பார்த்தேன்.

அந்தக் கல் தொப்பி போட்டிருந்தது.

கண்ணைக் கசக்கிவிட்டுக் கிட்டப் போனேன். வெறும் சாயம். தள்ளி வந்தேன். மரத்தில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, வைக்கோல் தொப்பியை நெற்றிக்கு இறக்கிவிட்டு ஒரு மனிதர் ஆறுதலாக இருந்தார். ஒருமுறை கண்டுவிட்டால் பிறகு காணாமல் இருக்க முடியாது. ஜன்னலைச் சாத்தினேன். அப்போதும் இருந்தார்.

சொன்னால் என் வார்த்தை போய்விடும், படமும் இறங்கிவிடும். சொல்லாவிட்டால் அந்த அறையில் எல்லாரும் தொழுகிறார்கள். கடைசியில் நான் ஒரு கோழை வேலை செய்தேன். வாயை மூடிக்கொண்டு, என் தொழுகைப் பாயை மட்டும் முன் விறாந்தைக்கு மாற்றினேன்.

நாலாம் நாள் உங்கள் உம்மா பிடித்துவிட்டா.

“நுளம்பு கடிக்கக் கடிக்க என்னத்துக்கு விறாந்தையில தொழுறீங்க?”

“காத்து நல்லம்.”

“மாரிக் காத்தா?”

நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவ கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்தா. “ஓம், மனிசன்தான். நல்ல நித்திரை போல.” பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கிவிட்டா.

“சிரிக்காதீங்க. இனி நான் என்ன செய்யிற?”

“வாப்பாக்கிட்டச் சொல்லுங்க.”

“சொன்னா என்ட வார்த்த என்னாகும்?”

“அதக் காப்பாத்தத்தான் சொல்றன். அவங்களாக் கண்டா நீங்க பொய் சொன்ன ஆள். நீங்களாச் சொன்னா பாக்கத் தெரியாத ஆள்.”

“ரெண்டில எது நல்லம்?”

“பாக்கத் தெரியாத ஆளக் கட்டினதுக்கு நான் ஒண்டும் சொல்ல மாட்டன்” என்றா.

அந்த நாட்களில் மாமி வேறு ஒரு சந்தோசத்தில் இருந்தா. மாமா திடீரென்று ஐந்து நேரத் தொழுகைக்கும் பள்ளிவாசலுக்கே போகத் தொடங்கியிருந்தார். காலையில் நேரத்தோடு எழும்பி, காய்ச்சலும் தடிமலும் என்றாலும் போர்த்துக்கொண்டு போவார். “எங்கட மருமகன் வந்த பரக்கத்து” என்று மாமி வேலிக்கு மேலால் பக்கத்து வளவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தா. நான் கொண்டுவந்த அருளாம். எனக்கு அதைக் கேட்க இன்னும் கூச்சமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை. மாமா சாய்கதிரையில் படத்தைப் பார்த்தபடி இருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“மாமா, ஒரு விசயம் கதைக்கணும்.”

“கதைங்க.”

“இந்தப் படத்தில ஒரு...”

“மரத்தடியில இரிக்கிற ஆளா?”

மாமா தேத்தண்ணியை ஒரு வாய் குடித்தார். “தை மாசத்து முதல் வெயிலுக்கே கண்டுட்டன். காலையில இஞ்சதானே இரிக்கிற.”

“அப்ப ஏன் மாமா ஒண்டும் சொல்லல்ல?”

“ஆலையடியில எத்தின பேருக்குச் சொல்லிப்போட்டன், காகம்கூட இல்லெண்டு. அது ஒண்டு. நீங்க புது மாப்பிள. கேட்டா வெக்கப்படுவீங்க. அது ரெண்டு.” குரலை இறக்கினார். “தொழுகையப் பள்ளிக்கு மாத்திட்டா ஒருத்தருக்கும் தொந்தரவில்ல எண்டு பாத்தன். நீங்க விறாந்தைக்கு மாத்தினதக் கண்ட உடனே வெளங்கிட்டு, மருமகனும் கண்டுட்டார் எண்டு.”

நான் சிரித்துவிட்டேன். அவரும் வயிறு குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். அப்போதுதான் வாசற்படியில் மாமி இடியப்பத் தட்டோடு நிற்பதைக் கண்டோம்.

“அப்ப பள்ளிக்குப் போனது இதுக்கா?”

மாமா கோப்பைக்குள் பார்த்தார்.

“நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரியிறன். நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில ஒளிச்சுக்கிட்டுத் தொழுறீங்க.” தட்டைப் பலகையில் வைத்துவிட்டுப் படத்தின் முன்னால் போய் நின்றா. ஜன்னல் வழியாக வெயில் விழுந்துகொண்டிருந்தது. அவ கண்டா என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. “மருமகன், ஒரு காகம் இல்லெண்டுதானே சொன்னீங்க?”

“பிழைதான் மாமி. கல்லெண்டு நெனச்சன். சரியாப் பாக்காமச் சொல்லிட்டன்.”

“ஜும்ஆத் தொழுகைக்குப் போறதுக்கு முந்தி எறக்கிடுங்க.” சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா.

கோபத்தில் கத்தியிருந்தால் கூடப் பரவாயில்லை. அமைதியாகச் சொன்னதுதான் எனக்குச் சுட்டது.

மாமா யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். “ஜன்னலுக்கு அடிக்கிற பச்சைச் சாயம் இரிக்கிதானே. ஒரு பொட்டு வெச்சு ஆளப் பத்தைச் செடியாக்கி விடுங்களன்.”

எனக்கும் அது சரியாகப் பட்டது. டின்னைத் திறந்தேன், சின்னப் பிரஸ் எடுத்தேன், படத்துக்கு ஒரு முழத்தில் முகத்தை வைத்தேன். முதல் தடவையாக அந்த ஆளை ஒரு வேலைக்காரனின் கண்ணால் பார்த்தேன். தொப்பிக்கு மஞ்சளில் ஒரு இழுப்பு. சட்டைக்கு வெள்ளையில் ஒரு இழுப்பு. காலுக்கு மண்நிறத்தில் ஒரு இழுப்பு. மூன்றே இழுப்பு. அதற்குள் அந்த மனிதர் விடிந்ததிலிருந்து நடந்து களைத்தவர் என்பதும், இனிக் கொஞ்ச நேரத்துக்கு எழும்ப மாட்டார் என்பதும் தெரிகிறது. நான் ஒரு கதிரைக் காலைக் கடைய ஒரு பகல் எடுப்பவன். இப்படி மூன்று இழுப்புக்கு எத்தனை வருசம் கை பழக வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

பிரஸின் நுனியில் சாயம் திரண்டு நிலத்தில் சொட்டியது.

“ஏலாது மாமா” என்றேன். “இன்னொரு ஆள்ர கைவேலைக்கு மேல என்ட சாயத்த வெக்க ஏலாது. எறக்கியே போடுறன்.”

மாமா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “அப்ப டின்ன மூடுங்க. காயிது” என்றார். நான் ஆணி பிடுங்கச் சுத்தியலைக் கொண்டுவந்தேன். ஆறு மாதமாக அந்தச் சுவரில் இருந்த என் ஒரே சாமான் அது.

“கொஞ்சம் பொறுங்க” என்று உங்கள் உம்மா குறுக்கே வந்தா. கையில் மாமியின் வெற்றிலைத் தட்டத்திலிருந்து எடுத்த ஒரு வெற்றிலை. காம்பை, நான் இத்தனை நாள் மறைத்துத் திரிந்த அந்தச் சட்டத்து இடைவெளிக்குள் செருகினா. அளவெடுத்துச் செய்தது போல் இறுகி நின்றது. இலை வளைந்து மரத்தடிக்கு மேல் விழுந்தது. ஆளைக் காணவில்லை.

“உம்மா, வந்து பாருங்க.”

மாமி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தா. கிட்ட நின்று பார்த்தா. தள்ளி நின்று பார்த்தா. ஜன்னலை முழுக்கத் திறந்து வெயிலை விட்டுப் பார்த்தா. நான் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை.

“இது பெரிய இல” என்றா கடைசியில். “அரைவாசி மரமும் மறையிது. அந்தத் தட்டத்த எடு.”

தட்டம் வந்தது. மாமி இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, ஒரு சின்னக் கொழுந்து இலையைத் தெரிந்தெடுத்து, தானே செருகினா. மரம் முழுக்கத் தெரிந்தது. ஆளை மட்டும் காணவில்லை. மாமா எழும்பித் தொப்பியைத் தேடினார்.

“இண்டைக்கு ஜும்ஆ, பள்ளிக்குத்தான் போகணும்” என்றா மாமி. “மத்த நாளும் போங்க. நான் சொன்னது சொன்னதாகவே இரிக்கட்டும்.”

மாமா அன்றிலிருந்து இன்றுவரை ஐந்து நேரமும் பள்ளிக்குப் போகிறார். வேறு வழி இல்லை.

வெள்ளிக்கு வெள்ளி இலை மாற்றுவது மாமிதான், உங்களுக்குத் தெரியும். வாடின இலையை எடுத்ததும் உடனே புதியதை வைக்க மாட்டா. ஒரு கணம் உற்றுப் பார்ப்பா. “இன்னும் எழும்பல்ல. ஒருத்தரும் சோறு கொண்டுபோய்க் குடுக்கல்ல போல” என்று தனக்குள் சொல்லிக்கொள்ளுவா. மாமா கதிரையிலிருந்தபடி, “அவன் எழும்பினாத்தானே அந்த வாய்க்காலக் கட்டுற” என்பார்.

அந்த வருசம் அறுவடை முடிந்து சம்மாந்துறையிலிருந்து மாமாவின் ஆட்கள் இரண்டு வண்டியில் வந்தார்கள். அவர்களில் வயதான ஒருவர் படத்துக்கு முன்னால் நின்று, வெற்றிலையைப் பார்த்து, மாமியைப் பார்த்து, “இதில உசிருள்ளது ஒண்டும் இல்லையே?” என்று கேட்டார். மாமா தொண்டையைக் கனைத்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். மாமி நடந்து போய், இலையின் நுனியை விரலால் ஒருதரம் நீவிச் சரியாக்கிவிட்டுத் திரும்பினா.

“இப்பிடியே நிண்டு பாருங்க, ஒரு காகம்கூட இல்ல” என்றா. “எங்கட மருமகன்ட வார்த்த.”